வட்டி ஹராம் என்று சொன்னோம். அதைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தோமா?





சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். எங்கள் உப்பளம் பகுதியைச் சேர்ந்த தாய் ஒருவர் பள்ளிவாசல் வாயிலுக்கு வெளியே, பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் இளைய மகனுடன் காத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் கடன் அட்டை, தவணை கட்டிய ரசீதுகள், கைபேசிக்கு வந்த எச்சரிக்கைச் செய்திகளை யாரோ எழுதிக் கொடுத்திருந்த தாள். மூத்த மகனின் பிழைப்புக்காக வாங்கிய இருசக்கர வாகனத்தின் மீது 60,000 ரூபாய் கடன். மாதம் 3,100 ரூபாய் வீதம் 24 தவணைகள். பதினைந்து தவணை கட்டியாயிற்று. மூத்தவருக்கு வேலை போனதால் மீதியைக் கட்ட வழியில்லை. பைத்துல்மாலிலிருந்து உதவி கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார்.

"வட்டி கூடாதுன்னு தெரியும் ஹஜ்ரத். இது வட்டி இல்லை, தவணைதான்னு சொன்னாங்க" என்று இமாமிடம் தழுதழுத்த குரலில் சொன்னார்.

அந்தத் தாய் மார்க்கம் அறியாதவர் அல்லர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். வட்டி பெரும்பாவம் என்பதைச் சிறுவயது முதலே பயான்களில் கேட்டு வளர்ந்தவர். அந்த வட்டி எந்த உடையில், எந்தப் பெயரில் தம் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அருகில் நின்ற சிறுவனிடம், "அறுபதாயிரத்துக்குப் பன்னிரண்டு சதவீத வட்டி, இரண்டு ஆண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டோம். நொடியில் பதில் வந்தது: 14,400. அசலோடு கூட்டினால் 74,400. அதை 24-ஆல் வகுத்தால் 3,100. பள்ளிக் கணக்கின்படி எல்லாம் சரி. "முதல் தவணை கட்டியதிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே, ஓராண்டு முடிந்து, அசலில் பாதி திரும்பிப் போன பின்பும் முழு அறுபதாயிரத்துக்கும் வட்டி போடுவது எப்படிச் சரி?" என்று அடுத்துக் கேட்டபோது அவன் திகைத்து நின்றான். "இப்படி ஒரு கணக்கு புத்தகத்தில் இல்லையே" என்றான். நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் கணக்கிட்டால், பன்னிரண்டு சதவீதம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட அந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம்.

அவனுக்குக் கணக்குச் சொல்லித் தரும் ஆசிரியரைப் பின்னர் சந்தித்தோம். நல்லவர், மாணவர்கள் மீது அக்கறை உள்ளவர். நாங்கள் தாளில் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "என் வண்டிக் கடனும் இதே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். எனக்கே இப்போதுதான் புரிகிறது."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம். ஆசிரியருக்கே சொல்லித் தரப்படாத ஒன்றை மாணவன் எங்கிருந்து கற்பான்? நிதிக் கல்வி மாணவர்களைச் சென்றடைய வேண்டுமானால் முதலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைச் சென்றடைய வேண்டும். அதற்கான முயற்சியில் முஸ்லிம் சமுதாயம் ஒதுங்கி நிற்காமல், முன்வந்து தோள் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

தடையும் கணக்கும் அருகருகே

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவில் வட்டியைத் தடுக்கும் வசனங்கள் 275-இலிருந்து தொடங்குகின்றன. அப்பகுதி முடிந்த மறுகணமே 282-ஆம் வசனம் வருகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். தொழுகை பற்றியோ நோன்பு பற்றியோ அன்று, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி அது பேசுகிறது. தவணையைக் குறித்து வைத்தல், நேர்மையான எழுத்தர், சாட்சிகள், கடன் வாங்குபவரே வாசகத்தைச் சொல்லுதல், அவரால் இயலாவிட்டால் பொறுப்பாளர் சொல்லுதல், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதிருத்தல் என்று ஒவ்வொன்றாக விளக்குகிறது.

வட்டியைத் தடுத்த இறைவன், தடையோடு நிறுத்தாமல், பொருளாதார நடவடிக்கையை எப்படிக் கணக்கோடு நடத்துவது என்ற பாடத்தையும் உடனே வைத்துள்ளான். நாமோ முதல் பாதியை மிம்பர்களில் முழங்கினோம். இரண்டாம் பாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர மறந்தோம்.

நான்காம் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். யத்தீம்களின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்களைச் சோதித்துப் பார்க்கும்படி அவ்வசனம் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. பருவம் அடைந்தால் மட்டும் போதாது; பொருளைக் கையாளும் பக்குவமும் அவர்களிடம் காணப்பட வேண்டும். அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்ந்துள்ளன. நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களுக்கு நன்கு அறிமுகமான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், வணிகரின் பிள்ளையை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும், உழவரின் பிள்ளையை வேளாண்மைச் செலவுகளைக் கையாள்வதிலும் சோதிக்க வேண்டும் என்று கூறுகிறது. அதாவது, எந்தச் சூழலில் அந்தப் பிள்ளை வாழப்போகிறதோ அந்தச் சூழலின் கணக்கில் அதற்குப் பயிற்சி வேண்டும்.

இன்றைய பிள்ளையின் சூழல் எது? கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன், அட்டையில் தேய்த்து வாங்கும் பொருள், வாரந்தோறும் வாசலில் கூடும் குழுக்கடன், நகை அடகு, ஏலச்சீட்டு. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சட்ட நூல் தன் காலத்துப் பிள்ளைக்குத் தன் காலத்துக் கணக்கைக் கேட்டது. நம் காலத்துப் பிள்ளைக்கு நம் காலத்துக் கணக்கைக் கேட்பதே அதைப் பின்பற்றுவதாகும்.

'மூன்று வட்டி' எவ்வளவு?

நம் தெருக்களில் புழங்கும் கணக்கு மொழியே பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்பார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி விளம்பரத்தில் 'பத்து சதவீதம்' என்று படித்த மாணவன், மூன்று என்பது பத்தைவிடக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறான். ஒன்று மாதக் கணக்கு, மற்றொன்று ஆண்டுக் கணக்கு என்பதைச் சொல்லித் தர ஒரு பாடவேளைகூட வேண்டாம்.

தண்டல் இன்னொன்று. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். "ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தானே போகிறது" என்று சிறுவியாபாரி ஆறுதல் அடைகிறார். ஆனால் கையில் வந்த தொகை, தினமும் குறையும் நிலுவை, வெறும் நூறு நாள் காலம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டும். இதைத் தெரிந்துகொண்டவர் அவசரத்துக்காக மீண்டும் அங்கே போகலாம். ஆனால் போவதற்கு முன் வேறு கதவுகளைத் தட்டிப் பார்ப்பார். தெரியாதவருக்கு அந்த எண்ணமே எழாது.

இத்தனைக்கும் சட்டம் இன்று கடன் வாங்குவோர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை'யை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அதுவும் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில். கேட்டால் தமிழில் கிடைக்க வேண்டிய தாள் அது. கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். விரல் விட்டு எண்ணும் நிலைதான்.

புதுச்சேரிக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு

பலருக்கு நினைவிருக்காது. இந்தியாவில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை வழங்கப்பட்ட முதல் ஊர் என்ற பெயர் பெற்றது நம் புதுச்சேரியின் மங்கலம் கிராமம். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியன் வங்கி அத்திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரை அடுத்த ஒரு கிராமம் நாட்டுக்கே வழிகாட்டியது நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்குப் புத்தகம் கைக்கு வந்துவிட்டதால் கணக்கு அறிவும் வந்துவிட்டதாகாது. தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், நிதி பற்றிய அறிவு, மனப்பாங்கு, நடத்தை மூன்றிலும் தேறியவர்கள் வயது வந்தோரில் 27 சதவீதம் மட்டுமே. நால்வரில் ஒருவர் என்ற அளவைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. 2013-இல் எடுத்த முந்தைய ஆய்வில் இது 20 சதவீதமாக இருந்தது.

ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தை, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய நான்கு துறைகளின் ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் இந்த மையம். பள்ளிகளுக்கென்று சில திட்டங்களை வைத்துள்ளது. எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களுக்கு நிதிக் கல்விப் பயிற்சி தருகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ-யுடன் இணைந்து ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒன்றாக ஐந்து பயிற்சி நூல்களையும் உருவாக்கியுள்ளது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முன்பு நான்கு பகுதிகளில் மூன்று மாநிலங்களின் பாடத்திட்டங்களைப் பின்பற்றின. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை, மாஹே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தை. 2023-24 கல்வியாண்டில் அவை சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. இந்த மாற்றத்தின் நன்மை தீமைகள் குறித்துப் பலரும் பேசிவிட்டனர். யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளுக்கென்றே எழுதப்பட்ட அந்த ஐந்து பயிற்சி நூல்களும் இப்போது நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியவை.

ஆனால் நூல் இருப்பது வேறு, வகுப்பறையில் அது திறக்கப்படுவது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் வாங்கும் கடனோ தமிழில் பேசப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் ஆசிரியர். புதிய பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாத அவரிடம், "இதையும் சேர்த்து நடத்துங்கள்" என்று ஒரு தடித்த நூலைக் கொடுப்பது நியாயமன்று. அவருக்குத் தேவை, நாளைக் காலை வகுப்புக்கு எடுத்துச் செல்லத் தக்க ஒரு தாள்.

ஆசிரியருக்காக ஓர் இணையதளம்

இந்த எண்ணத்தில்தான் உப்பளத்தைச் சேர்ந்த சில ஆசிரியர்களும் பட்டதாரி இளைஞர்களும் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தமிழில் ஓர் இணையதளம் அமைப்பது பற்றி இஷாவுக்குப் பின் சில நாட்கள் அமர்ந்து பேசினோம். அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் உருவான கருத்துகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு பாடமும் ஒரே பாடவேளைக்குள் முடிய வேண்டும். அதுவும் ஏற்கனவே நடத்தும் பாடத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டிக் கணக்கு வரும்போது மூன்று வட்டியும் தண்டலும். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணமும் கடனும் பற்றிய பாடம் வரும்போது நகை அடகுச் சீட்டும் குழுக்கடன் அட்டையும். புதிய பாடம் என்ற சுமை ஆசிரியருக்கு வரக்கூடாது; பழைய பாடத்துக்கு உயிர் வர வேண்டும்.

இரண்டாவதாக, உண்மையான தாள்கள் வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு, கடன் அட்டை, அடகுச் சீட்டு, சம்பளச் சீட்டு, மோசடிக் குறுஞ்செய்தி ஆகியவற்றின் படிகளை அச்சிட்டு எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். வேகமான இணைய வசதி இல்லாத பள்ளியிலும் ஒரு பக்கத்தை அச்சிட்டு நாற்பது படி எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். மாணவன் அதை வீட்டுக்குக் கொண்டு போவான். தாயின் துணிப்பைக்குள் இருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். பெற்றோருக்கான பாடமும் அங்கே தொடங்கும்.

மூன்றாவதாக, ஆசிரியரின் சொந்த வாழ்க்கைக்கு ஒரு பகுதி வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்பதால் கடன் விற்பவர்கள் முதலில் தேடி வருவது ஆசிரியர் அறையைத்தான். உடன் பணிபுரிபவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாத கடனைத் தாம் கட்டும் ஆசிரியர்களை நாங்கள் அறிவோம். ஜாமீன் என்பது நட்புக்கான அடையாளம் அன்று, முழுக் கடனுக்குமான பொறுப்பு என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? தம் கணக்கைச் சரிசெய்துகொண்ட ஆசிரியர்தான் வகுப்பில் அதை உள்ளத்திலிருந்து பேசுவார்.

நான்காவதாக, விளம்பரம் கூடாது, எந்த நிறுவனத்தின் நிதியும் கூடாது, ஆசிரியரின் தொலைபேசி எண்ணைக் கேட்கவும் கூடாது. நிதிக் கல்வி என்ற பெயரில் வாடிக்கையாளர் பட்டியல் சேகரிப்பது இன்று ஒரு தொழிலாகிவிட்டது. பாடம் சொல்லித் தருபவரே பொருளையும் விற்றால் அது பாடமாக இராது.

ஐந்தாவதாக, மக்தப் உஸ்தாதுகளுக்குத் தனியே ஒரு பகுதி. ஜகாத், மஹர், வஸிய்யத், வாரிசுப் பங்கீடு, அழகிய கடன் ஆகியவற்றைப் பயிற்சிக் கணக்குகளோடு. தங்கத்தின் நிஸாப் 85 கிராம் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அது பத்தரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதல் என்று போட்டுக் காட்ட வேண்டும். அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உலமாக்கள் விளக்குவார்கள். எடை போட்டு, மதிப்பிட்டு, நாற்பதில் ஒன்றைப் பிரிக்கும் கணக்குப் பழக்கத்தைச் சிறுவயதிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இது வட்டியைக் கற்பிப்பதாகாதா?

எங்கள் அமர்வுகளிலேயே ஒரு பெரியவர் இக்கேள்வியை எழுப்பினார். அரசு நூல்கள் வங்கி வைப்பின் வட்டியை ஒரு வருமானமாகச் சொல்லித் தருகின்றன. அதை நாமே பரப்பலாமா என்றார். அவர் கவலையை நாங்கள் புறந்தள்ளவில்லை. நியாயமான கவலை அது.

ஆனால் நம் முன்னோர் வட்டியை எப்படித் தவிர்த்தனர் என்று பாருங்கள். பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறு பொருள்களில் எந்தெந்தப் பரிமாற்றம் வட்டியாகும் என்பதை நபி (ஸல்) அவர்கள் வகைப்படுத்திக் காட்டினார்கள். நம் ஊரின் பெயரிலுள்ள உப்பும் அந்த ஆறில் ஒன்று. அதைக் கொண்டு இமாம்கள் பக்கம் பக்கமாக வட்டியின் வகைகளை ஆராய்ந்தனர். வட்டியை நுணுக்கமாக அறிந்ததால்தான் அவர்களால் அதிலிருந்து விலக முடிந்தது. மார்க்க விளக்கம் இல்லாதவர் நம் கடைவீதியில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்ட செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அறியாமை பேணுதல் ஆகாது.

எனவே பொதுப் பள்ளிக்கான பாடத்தில் கணக்கை மட்டும் வைப்போம். கடனின் உண்மை விலை இவ்வளவு என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்வோம். எதில் சேமிக்க வேண்டும், எதில் முதலிட வேண்டும் என்ற பரிந்துரை அங்கே வேண்டாம். அரசுப் பள்ளி எல்லாருக்கும் உரியது. உப்பளத்து வகுப்பறையில் முஸ்லிம் பிள்ளையும், மீனவர் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்கின்றனர். தண்டல்காரர் மதம் பார்த்து வட்டி குறைப்பதில்லை. அந்தக் கணக்கை எந்த மதத்து ஆசிரியரும் தயக்கமின்றி நடத்தலாம். ஹலால், ஹராம் விளக்கம் மக்தபிலும் வீட்டிலும் நடக்கட்டும். கணக்கு கைவந்த பிள்ளைக்கு அந்த விளக்கம் எளிதில் விளங்கும்.

'ஹலால்' என்ற முத்திரை

கணக்கு அறியாமல் மார்க்க உணர்வு மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குக் கசப்பான சான்று நம் அண்டை மாநிலத்திலேயே உண்டு. பெங்களூரில் இயங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம், வட்டி இல்லாத 'ஹலால்' இலாபம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரக்கணக்கானோரிடம் பணம் திரட்டியது. 2019 ஜூன் மாதம் அது சரிந்தது. பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வட்டிக்கு அஞ்சி வங்கியைத் தவிர்த்தவர்கள், மகளின் திருமணத்துக்குச் சேர்த்தவர்கள், கணவர் விட்டுச் சென்ற தொகையை வைத்திருந்த விதவைகள். அல்லாஹ்வுக்கு அஞ்சி எடுத்த முடிவே அவர்களை மோசடிக்காரரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

பத்தாம் வகுப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகியிருந்தால் பலர் தப்பியிருப்பர். இந்த இலாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது? வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்க, இவர்களால் மட்டும் மாதந்தோறும் எப்படித் தவறாமல் தர முடிகிறது? பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்க இவர்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-இலேயே வந்துவிட்டது. புகார் செய்ய ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளம் 2016 முதல் உள்ளது. இணையப் பண மோசடி என்றால் உடனே அழைக்க 1930 என்ற எண் உள்ளது. இவற்றை அறிந்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால், அவரைச் சுற்றி நூறு குடும்பங்களுக்குப் பாதுகாப்பு.

ஜமாஅத்தின் பங்கு

வட்டியில்லா ஏற்பாடுகள் நமக்குப் புதியவை அல்ல. எகிப்தின் மித்கம்ர் என்ற ஊரில் 1963-இல் அஹ்மத் அந்நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் அங்கே முக்கியமாகக் கருதியது, எளிய மக்களிடம் சேமிக்கும் பழக்கத்தை வளர்ப்பதைத்தான். நம் நாட்டில் தேவ்பந்தில் 1961-இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட், நகையின் பேரில் வட்டியின்றிக் கடன் தந்து வழிகாட்டியது. அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால்கள் இயங்கி வருகின்றன.

ஆனால் நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பைத்துல்மால்கள் பெரும்பாலும், விழுந்தவரைத் தூக்குவதோடு நின்றுவிடுகின்றன. விழாமல் காக்கும் பணியில் இறங்கவில்லை. கைக்கூலி வாங்கி, ஊரழைத்து விருந்து வைத்துக் கடனாளியாகும் திருமணங்களுக்கு நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திடும் நாம், அந்தக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைச் சொல்லி வளர்த்த சமூகம், பந்தியில் அளவை மறந்துவிட்டது. செல்வத்தை எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்று இரண்டு கேள்விகள் மறுமையில் உண்டு என்பதை நபிமொழி வாயிலாக அறிந்தவர்கள் நாம்.

எனவே எங்கள் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் பணிபுரியும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை, எந்த மதத்தவராயினும், ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து அமர்த்திப் பேசட்டும். நிதிக் கல்வி மையத்தின் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்படி பள்ளித் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்ளட்டும். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், கணக்காளர்கள், வணிகவியல் பட்டதாரிகள் நம்மிடையே உண்டு; அவர்கள் வாரம் ஒரு மணி நேரத்தை இப்பாடங்களைத் தமிழில் எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் தரட்டும். பயனுள்ள கல்வி, தந்தவர் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா அல்லவா?

அந்தத் தாயின் விவகாரத்தைச் சொல்லி முடிக்கிறோம். மீதித் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தரும்படி நிறுவனத்திடம் கேட்கச் செய்தோம். பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகத் தந்து அடைத்தாயிற்று. அந்தக் கடனுக்கு இரண்டு சாட்சிகளோடு ஒப்பந்தம் எழுதினோம். தாய் வாசகத்தைச் சொல்ல, அதை எழுதியவன் அந்தப் பத்தாம் வகுப்பு மகன்தான். அவன் ஆசிரியரோ, இந்தக் கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்குத் தண்டல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார். மறுநாள் மூன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கடன் அட்டையைக் கொண்டு வந்தார்களாம். இணையதளம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. பாடம் தொடங்கிவிட்டது.

நம் பொருளைத் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளைக் கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் காத்து, அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நற்கூலி வழங்குவானாக வல்ல ரஹ்மான். ஆமீன்.